நாலாக மடித்த மின்சாரம்

விஜயவாடாவில் நடந்த ஒரு பட்டுப்புடவைக் கண்காட்சிக்கு நான் ஏழு சார்ஜர்களையும், இரண்டு பவர் பேங்குகளையும், எண்ணிப் பார்க்கத் துணியாத அளவுக்கு ஒயர்களையும் எடுத்துக்கொண்டு, போனை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். இதை நான் மறைத்திருக்கலாம். ஆனால் காஞ்சிபுரத்தில் இது தெரியாதவர்கள் இப்போது கைக்குழந்தைகள் மட்டும்தான். அவர்களுக்கும் சோறு ஊட்டும்போது சொல்லிவிடுவார்கள்.

ரயில் வாலாஜாபாத்தில் நின்றபோதுதான் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் கூடு இருந்தது. பிறகு பேன்ட் பை, பிறகு தோள்பை. தோள்பைக்குள் கையை விட்டால் மழைக்காலத்து மண்புழுக்கள் மாதிரி ஒயர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு என் விரல்களையும் சேர்த்து இழுத்தன. போன் இல்லை. எங்கள் கடையின் விற்பனைப் பெண் சுமதி எதிர் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போனத் தேடுறீங்களா சார்?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“அதுக்குத் தொணையா எத்தினி பேரு வந்துக்கினு இருக்காங்க பாவம்,” என்று என் பையைக் காட்டினாள்.

அந்தக் கண்காட்சி நான்கு நாள். நான்கு நாளும் மற்றவர்களுடைய போனுக்குக் கரண்ட் ஊட்டும் தாதியாக வேலை பார்த்தேன். திரும்பி வந்ததும் முதலாளி கூப்பிட்டார். திட்டவில்லை. அது பெரிய மனிதர்களுக்கே கைவந்த கொடுமை. இனிமேல் வெளியூர் போகும்போது எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு சார்ஜர் பை, அதைக் கட்டும் பொறுப்பு மடிப்புக்கு என்று மட்டும் சொன்னார்.

மடிப்பு என்பவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

கடவுள் படைத்ததில் மடிக்க முடியாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் அவர். செய்தித்தாளை மடிப்பார். அதை நாம் எல்லோரும் மடிப்போம். அவர் படிப்பதற்கு முன்பே மடித்துவிடுவார். பிறகு யாரும் பிரிக்கக் கூடாது. ஓட்டலில் தோசை வந்தால் அதை இன்னொரு மடிப்பு மடித்து, விளிம்பைச் சரிபார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்து, கண்டக்டர் கேட்கும்போது ஒரு கடுகை எடுத்து நீட்டுவார். எங்கள் கடையின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ புது வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் பட்டுக்கடைகளில் எங்களுடையதும் ஒன்று. நான் அங்கே விளம்பரம் எழுதுகிறவன். ‘பட்டு என்பது வெறும் துணியல்ல’ என்று தொடங்கும் வாக்கியத்தை இருபது வருஷமாக விதவிதமாக முடித்துக்கொண்டிருக்கிறேன். மடிப்புக்கு என்ன வேலை என்பதைப் பட்டுக்கடைக்குப் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம் பதினான்கு பேராக வந்து வெள்ளை விரிப்பில் உட்காரும். நம்மாட்கள் ஐம்பது புடவையைப் பிரித்து வீசுவார்கள். குடும்பம் ஒவ்வொன்றையும் தோளில் போட்டு, விளிம்பை நிமிண்டி, வெளிச்சத்தில் காட்டி, “யோசிச்சுட்டு வர்றோம்” என்று எழுந்து போய்விடும். அந்தக் குவியலின் ஓரத்தில் மடிப்பு உட்கார்ந்திருப்பார். ஒரு இழு, ஒரு தட்டு, ஒரு மடி. பன்னிரண்டு நிமிஷத்தில் ஐம்பதும் அலமாரிக்குத் திரும்பிவிடும். பிரித்த சுவடே இருக்காது.

இந்தத் திறமை அவருக்கு மனித குலத்தின் மேல் தீராத இளப்பத்தைக் கொடுத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னை எடை போட்டுவிட்டார்.

“மனுஷன்னா ரெண்டே தினுசு சார். மடிச்சு வைக்கிறவன், சுருட்டி வைக்கிறவன். நீங்க ரெண்டுலயும் சேத்தி இல்ல.”

பதிலுக்கு நானும் அவரை இளப்பமாகவே பார்த்துவந்தேன். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கக் கற்றது மடிப்பது ஒன்றுதான் என்றால், அவனைக் கண்டு பயப்படப் படித்தவனுக்கு என்ன இருக்கிறது? இப்படி நினைத்துக்கொள்வேன். பிறகு வீட்டுக்குப் போய் என் சட்டைகளைப் பார்ப்பேன்.

அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. ஊர் சுற்றுவது. ஐம்பது வயது வரை அவர் போன அதிக தூரம் சோளிங்கர் மலை. அதன் பிறகுதான் கடை வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போகத் தொடங்கியது. மடிக்க ஆள் வேண்டும் என்று அவரையும் கூட்டிப்போனார்கள். சேலத்தில் லாட்ஜ் படுக்கை விரிப்பை அவர் மடித்து வைத்த அழகைப் பார்த்து, அறை பெருக்க வந்த அம்மா தன் மகளைக் கூட்டிவந்து காட்டினாள். ரயிலில் ஜன்னலோரம் இவருக்குத்தான் என்பது எழுதாத சட்டம். வெளியே ஓடும் வயல்களை, “நல்லா வரப்பு மடிச்சிருக்கான்,” என்று பாராட்டிக்கொண்டே வருவார்.

அந்த ஜன்னலோரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. விஜயவாடாவுக்கு முன்னாலேயே முதலாளி எங்கிருந்தோ இரண்டு இரும்பு ஸ்டாண்டும் நூறு ஹேங்கரும் வாங்கிவிட்டார். புடவைகளைத் தொங்கவிட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும், பிரித்து மடிக்கும் வேலையும் குறையும். அப்புறம் மடிக்கிறவருக்கு ரயில் டிக்கெட் எதற்கு? விஜயவாடாவுக்கு அவரைக் கூட்டிப்போகவில்லை. நாங்கள் இல்லாத நான்கு நாளும் அவர் கடையில் யாரிடமும் பேசாமல் காலி அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாராம்.

நான் மானம்போய்த் திரும்பிய அன்றைக்கு, முதலாளியின் முன்னால் போய் நின்று, “சார்ஜரெல்லாம் நான் கட்டித் தரேன் மொதலாளி. நானும் கூட வரேன்,” என்று கேட்டவர் அவர்தான். முதலாளி கொஞ்சம் யோசித்தார். சரி என்றார். அதில் ஏதாவது கோளாறு வந்தால் அதோடு வெளியூரை மறந்துவிட வேண்டும், கடையிலேயே இருந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இப்படியாக, என் முட்டாள்தனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துதான் மடிப்பு தன் ஜன்னலோரத்தைத் திரும்பப் பிடித்தார். அதற்கு நன்றி எதிர்பார்த்தேன். எனக்குக் கிடைத்தது சோதனை.

கோயம்புத்தூர் கண்காட்சிக்கு நான்கு நாள் முன்னால் கூட வரப்போகும் என்னையும் சுமதியையும் வரிசையாக நிற்கவைத்து, யார் யாருக்குக் கரண்ட் தின்னும் சாமான் எத்தனை என்று கேட்டார். சுமதி ஒரு போன் என்றாள். கடையின் கார்டு மிஷின் ஒன்று, பணம் வந்துவிட்டது என்று கூவும் பெட்டி ஒன்று. நான் போன், காதில் செருகும் கருவி, கைக்கடிகாரம் என்றேன்.

“மணி பாக்கறதுக்குக் கரண்டா?”

இது நடக்கும் அடிகளை எண்ணும், தூக்கத்தை அளக்கும், நெஞ்சுத் துடிப்பைச் சொல்லும் என்று விளக்கினேன்.

“நெஞ்சு அடிக்குதான்னு தெரியாமத்தான் இத்தினி நாளு இருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பட்டியலிலிருந்து அடித்தார். காதுக் கருவியையும் அடித்தார். எனக்குச் சொந்தமாக ஒரு சார்ஜர் வைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை. ஒரு சார்ஜர் ஏழாக ஆனது எப்படி என்று அவருக்குத் தெரியுமாம்.

நான் அடங்குகிறவனா? கிளம்பும் அன்று காலை ஒரு சார்ஜரைத் துண்டுக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். அரக்கோணம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சீப்பு எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். மடிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை; பக்கவாட்டில் ஒரு பார்வை.

“துண்டுக்குத் தொப்பை போட்டுக்கினு இருக்குதே,” என்று கையை விட்டார். சார்ஜர் வெளியே வந்தது. காஞ்சிபுரம் திரும்பிப் போக இருந்த எங்கள் வேன் டிரைவர் கையில் அதைக் கொடுத்தனுப்பிவிட்டார். பிறகு என் துண்டை எடுத்து ஒழுங்காக மடித்துத் திருப்பித் தந்தார். அந்த மரியாதை வேறு.

இனி அவர் கட்டிய பை. கைக்குட்டை அளவு. பட்டுப்புடவையைச் சுற்றி வைக்கும் வெள்ளை மல் துணியில் மூன்று ஓட்டை சார்ஜர் ஒன்று, பவர் பேங்க் ஒன்று, குட்டை ஒயர் இரண்டு, நீள ஒயர் ஒன்று. அவ்வளவையும் மடித்து மடித்து முடிந்து, மேலே ஒரு நூலும் கட்டியிருந்தார். பார்த்தால் திருப்பதி உண்டியலில் போட வேண்டிய முடிச்சு மாதிரி இருந்தது. பிரித்தபோது வாசம் வேறு அடித்தது. உள்ளே ஒரு துண்டு வசம்பு.

“இது எதுக்குண்ணா?” என்றாள் சுமதி.

“பூச்சி அரிக்காம இருக்கத்தான்.”

“ஒயரையா?”

“பட்டையே அரிக்குது. ஒயரு இன்னா பெரிய இதுவா?”

அன்றிலிருந்து நாங்கள் போனைக் காதில் வைத்தபோதெல்லாம் வசம்பு மணத்தது. புதிதாகப் பிறந்த குழந்தையோடு பேசுவது போல ஒரு கனிவு எல்லோர் குரலிலும் வந்துவிட்டது.

குட்டை ஒயர்கள் ஒரு சாண். பிளக்குக்குப் பக்கத்திலேயே போனை வைத்தால் நீளம் எதற்கு என்பது அவர் கேள்வி. கேள்வி சரி. ஆனால் ரயிலில் பிளக் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போனை வைக்க எதுவும் இருக்காது. போன் வௌவால் மாதிரி தொங்கி ஆடியது. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் சுமதிக்கு மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது. ஒயரைக் கழற்றக் கூடாது, ஐம்பது சதவீதம் ஆகவில்லை என்றார் மடிப்பு. அவள் இடுப்பை வளைத்து, தலையைப் பிளக்கோடு சேர்த்து, “சரிங்கத்தே, ஆகட்டுங்கத்தே,” என்று பேசி முடித்தாள். எதிர் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மருமகளா என்று நெகிழ்ந்துபோய், எங்கள் எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

நீள ஒயர்தான் இந்தக் கதையின் வில்லன். அவசரத்துக்கு மட்டும் என்று ரயிலில் அதைத் தொடவே விடவில்லை. ஒரு மீட்டர். அதை என்னைப் போன்ற காட்டுமிராண்டிகள் கையில் சுற்றி வைப்போம். மடிப்பு அதை மடித்தார். இரண்டாக, நான்காக, எட்டாக. பிறகு இருபது புடவை அடுக்கின் கீழே வைத்து ஒரு நாள் முழுக்க அழுத்தினார். வெளியே வந்தபோது அது ஒயராக இல்லை. இஸ்திரி போட்ட ரிப்பனாக இருந்தது. மடிப்பு விழுந்த இடங்களில் கத்தி மாதிரி விளிம்பு.

இப்படி மடித்தால் உள்ளே கம்பி ஒடிந்துவிடும், பேசாமல் சுருட்டி வையுங்கள் என்றேன்.

“ஒடியும்னு எனக்குத் தெரியாதா? வெள்ளி ஜரிகையே ஒடியுது. அதுக்குத்தான் மாத்தி மடிக்கணும்.”

பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்தக் கோட்டிலேயே ஜரிகை விட்டுப்போகும். அதனால் அவ்வப்போது பீரோவிலிருந்து எடுத்து வேறு கோட்டில் மாற்றி மடிப்பார்கள். இது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். அதை ஒயருக்குச் செய்யலாம் என்று யோசிக்க காஞ்சிபுரத்தில் முப்பத்தைந்து வருஷம் புடவை மடித்திருக்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை பையைப் பிரிப்பார்; ஒயரை நீவிவிடுவார்; ஒரு விரல் தள்ளி வேறு இடத்தில் மடிப்பார். அதாவது எட்டு இடத்தில் மட்டும் ஒடிந்திருக்க வேண்டிய கம்பி, அவருடைய அக்கறையினால் முப்பது இடத்தில் ஒடிவதற்கு ஏற்பாடு ஆகிக்கொண்டிருந்தது. இதை நான் அவருக்கு விளக்கவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு சிரத்தையாகத் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வதைப் பார்க்கும் சுகம் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. ஹேங்கர், ஸ்டாண்டு எல்லாம் வந்திருந்தன. கனமான முகூர்த்தப் புடவையை ஹேங்கரில் போட்டால் அது வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தது. ஆகவே அவற்றைப் பழையபடி மடித்து அடுக்கினோம். ஒரு புடவை விழும்போதெல்லாம் மடிப்பு என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை முதலாளி போன் செய்தார். சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க வேண்டும், மதியம் வீடியோவில் வருவார், சுமதி பேச வேண்டும், நடுவில் தடங்கல் வரக் கூடாது என்றார். கடைசியில் போனை மடிப்பிடம் கொடுக்கச் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மடிப்பு, “இல்ல மொதலாளி, நின்னு போவாது. நான் இருக்கேன்,” என்று இரண்டு தடவை சொன்னார். போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பித் தந்தார்.

“இது ஒழுங்கா நடந்தா வேற எங்க போனாலும் நானும் வரலாமாம்,” என்றார். நடக்காவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

மதியம் அழைப்பு வந்தபோது சுமதியின் போனில் ஒன்பது சதவீதம். காலையிலிருந்து கூவிக் கூவிப் பணப்பெட்டி பவர் பேங்கை முழுக்கக் குடித்துவிட்டிருந்தது. என் போனில் பேசலாம்தான். ஆனால் அதன் கேமராவில் விரிசல், அரக்கு நிறம் காப்பித்தூள் மாதிரி தெரியும். குட்டை ஒயரில் போட்டால் சுவரோரம் குனிந்து மாமியாரிடம் பேசியது போலத்தான் புடவை காட்ட முடியும். பக்கத்துக் கடை ஊறுகாய்க்காரரிடம் சார்ஜர் கடன் கேட்கலாம் என்றால் அவர் சாப்பிடப் போய்விட்டார். கடைக்குத் திரை போட்டுவிட்டுப் போயிருந்தார். மிச்சம் நீள ஒயர்தான். மடிப்பு வெள்ளை முடிச்சை அவிழ்த்து, ரிப்பனை நீவி, பிளக்கில் செருகி, போனில் மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கழற்றி மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

சுமதி சிங்கப்பூர் அம்மாவுக்குச் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்லிக்கொண்டே, கேமராவுக்குத் தெரியாமல் ஒரு காலால் அவரை உதைத்தாள்.

மடிப்பு ஒயரை ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். போனுக்கு நான்கு விரல் தள்ளி, ஒரு இடத்தில் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, மேலே தூக்கி, இடப்பக்கம் திருகினார். திரையில் மின்னல் குறி வந்தது. கையைத் தளர்த்தினார். போய்விட்டது. திருகினார். வந்தது.

“விடாதீங்கண்ணா,” என்று சுமதி பல்லுக்குள்ளேயே சொன்னாள்.

அவர் விடவில்லை. போன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், அரைகுறையாகக் குனிந்து, இரண்டு விரலால் மின்சாரத்தைக் கிள்ளிப் பிடித்தபடி நின்றார். சுமதி புடவைகளைப் பிரித்துக் காட்டத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரு விஷயம் உறைத்தது. பிரித்ததை மடிக்க வேண்டியவர் கை வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா இருப்பவன் நான் ஒருவன்.

நான் உட்கார்ந்தேன். பட்டைப் பற்றி இருபது வருஷமாக எழுதியிருக்கிறேன். அன்றுதான் முதன்முதலாக மடிக்கிறேன். பட்டு அதைப் புரிந்துகொண்டது. ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை நழுவியது. மடித்து வைத்தால் மூச்சு விட்டு எழுந்தது. ஒன்றை முடித்து வைத்தேன். அது புடவை மாதிரி இல்லை, மூட்டுவலிக்காரர் மாதிரி கோணலாக உட்கார்ந்திருந்தது.

மடிப்பால் உரக்கப் பேச முடியாது. வாயோரத்தால் பேசினார்.

“ஜரிகை உள்ள போவணும் சார். உள்ள. அது வெளிய. உங்களுக்கு உள்ள எது, வெளிய எதுன்னுகூடவா தெரியாது?”

நான் இன்னொன்றை எடுத்தேன்.

“முந்தானைய மிதிச்சுக்கினு இருக்கீங்க.”

காலை எடுத்தேன்.

“அந்தக் கால இல்ல.”

சிங்கப்பூர் அம்மா கூர்மையானவர். பதினைந்தாவது புடவையில் நிறுத்தி, அந்த ஓரத்தில் இரண்டு விரல் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டார்.

“ஸ்டாண்டும்மா,” என்றாள் சுமதி.

“நடுங்குதே?”

“பழைய ஸ்டாண்டும்மா.”

அரை மணி நேரம் ஆகியிருக்கும். வீடியோ குடிக்கும் வேகத்துக்கு அந்தக் கரண்ட் போதாமல் ஒன்பது சதவீதம் இரண்டாக இறங்கியிருந்தது. அந்த ஸ்டாண்டின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்க இன்னொரு கை இருந்தது. ஆனால் அசைந்தால் மின்னல் போய்விடும். அவர் பார்வை முழுக்க என் கையில். நான் ஒவ்வொரு மடிப்பு தப்பாகப் போடும்போதும் அவர் முகத்தில் யாரோ கிள்ளியது போல ஒரு சுளிப்பு. இத்தனை வருஷம் என்னை அலட்சியமாகப் பார்த்த மனிதர் இப்படி வகையாக மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வேண்டுமென்றே ஒன்றிரண்டைக் கோணலாக மடித்தேன் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அப்போது அரக்கு முகூர்த்தப் புடவை என் மடியில் வந்து விழுந்தது. அந்த அம்மா அதை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்து, ரொம்பப் பழைய நிறம் என்று ஒதுக்கிவிட்டிருந்தார். கனம். முந்தானை முழுக்க ஜரிகை. மூன்று தடவை மடித்தேன். மூன்று தடவையும் வழுக்கி விரிந்தது. நான்காவது தடவை எப்படியோ மடிந்தது. இது இப்படியே நிற்க வேண்டும் என்று பக்கத்தில் தேடினேன். பில் புத்தகத்தில் இரும்புக் கிளிப் ஒன்று இருந்தது. பல் வைத்த, கனமான கிளிப். அதை எடுத்து, வாயைத் திறந்து, முந்தானையின் விளிம்புக்குக் கொண்டுபோனேன்.

மடிப்பு ஒயரை விட்டார்.

எங்களுக்கு நடுவே ஆறடி. அவர் எப்படிக் கடந்தார் என்று தெரியாது. என் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது, கிளிப் மண்டபத்தின் மூலையில் எங்கோ விழுந்து உருண்டது, அவர் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு என் மேல் சாய்ந்து கிடந்தார். போன் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து இதையெல்லாம் சிங்கப்பூருக்குக் காட்டியது. பிறகு இருண்டுவிட்டது.

மடிப்பு எழுந்தார். முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பை விரல் நுனியால் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்தார். ஒரு இழு, ஒரு தட்டு, ஒரு மடி.

“பேச்ச விட்டுட்டீங்களேண்ணா,” என்றாள் சுமதி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“போனுல நாளைக்கும் பேசிக்கலாம்மா. இதுல பல்லு பட்டா பட்டதுதான்.”

பிறகு நான் மடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். முடித்துவிட்டு, வெள்ளைத் துணியில் சார்ஜரையும் ஒயர்களையும் வசம்பையும் அடுக்கி, நூல் கட்டி, சுமதியின் முன்னால் வைத்தார்.

“மொதலாளிகிட்ட நீயே சொல்லிடுமா. எனக்குச் சொல்ல வராது,” என்றார். பிறகு ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இதுதான் கடைசி வெளியூர் என்றால் ஒரு நாள் முன்னாலேயே திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த இஸ்திரி போட்ட ஒயரைப் பற்றி நான் மூன்று கேலி தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

ஊறுகாய்க்காரர் திரும்பி வந்து ஒரு சார்ஜர் கொடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு, பத்து முடிச்சு விழுந்த, மடிப்பு என்பதே என்னவென்று தெரியாத ஒயர். போட்டதும் போன் எழுந்து உட்கார்ந்தது. சிங்கப்பூரிலிருந்து குரல் பதிவு வந்து காத்திருந்தது. சுமதி அதைப் போட்டாள்.

“சுமதி, லைன் போயிடுச்சு. கடைசியில ஒரு பெரியவர் பாய்ஞ்சாரே, அது எந்தப் புடவை? அதை எடுத்து வச்சிடுங்க. அவர் கையாலதான் மடிச்சு அனுப்பணும். கிளிப்போட உக்காந்திருந்தாரே இன்னொருத்தர், அவர் தொட வேண்டாம்.”

மடிப்பு அதைக் கேட்டுவிட்டு, “அது பழைய கலருன்னு சொன்னாங்களேம்மா?” என்று சந்தேகமாகக் கேட்டார். அவ்வளவுதான் அவர் கொண்டாட்டம்.

காஞ்சிபுரம் வந்ததும் முதலாளி எல்லாவற்றையும் சுமதியின் வாயால் கேட்டார். கேட்டு முடித்து, இரண்டு மூன்று முடிவுகள் எடுத்தார். மடிப்பு எல்லாக் கண்காட்சிக்கும் போகலாம். சார்ஜர் பையை இனி சுமதி கட்டுவாள். அதை மடிப்பு தொடக் கூடாது. “சார்,” என்று என் பக்கம் திரும்பினார், “நீங்க விளம்பரம்தானே எழுதுறீங்க? அத இங்கருந்தே எழுதலாமே.”

அடுத்த மாதம் அவர்கள் மைசூருக்குப் போனார்கள். அந்த நான்கு நாளும் என் போன் நூறு சதவீதத்தில் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. நானே இரண்டு முறை அழைக்க எடுத்து, என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். கடையில் என்னை ஏளனம் செய்ய ஆளில்லாமல் வேலையே ஓடவில்லை என்பதை நான் அந்தக் கிழவரிடம் ஒருநாளும் சொல்லப்போவதில்லை.

அவர்கள் திரும்பிய அன்று, சும்மா கேட்பதுபோல, அங்கே யாராவது என்னைப் பற்றி விசாரித்தார்களா என்று சுமதியிடம் கேட்டேன்.

“மடிப்பண்ணன் தெனமும் உங்களப் பத்திதான் சார் பேசுனாரு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்ன பேசினார் என்றேன்.

“பாக்க வந்தவங்க யாருனா புடவையக் கசக்கி வச்சுட்டுப் போனா, அத எடுத்து எங்க எல்லாருக்கும் காட்டுவாரு. ‘இது நம்ம சார் மடிச்சது’ன்னு.”